சம்பந்தப்பட்ட எல்லோரையும் அரவணைத்துத் திட்டத்தை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு சரக்குக் கிடங்கின் இருப்புக் கணக்கைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றும் வேலை. ஐந்து மாதம் உழைத்தோம். கிடங்கு மேலாளர், கொள்முதல் பிரிவு, கணக்குப் பிரிவு என்று எல்லோரிடமும் பேசிக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். ஆனால் தொடங்கிய இரண்டாவது வாரமே கணினி காட்டும் இருப்பும் அலமாரியில் இருக்கும் சரக்கும் ஒத்துப்போகவில்லை. காரணம் தேடி ஒரு நாள் இரவு ஷிப்டில் போய் உட்கார்ந்தேன். லாரியிலிருந்து சரக்கு இறங்குகிறது. அதை வாங்கி வைக்கும் எழுத்தர் கணினிப் பக்கம் போகவே இல்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொள்கிறார். ஏன் என்று கேட்டேன். "ராத்திரி வண்டிக்கு பில் காலையிலதான் வரும் தம்பி. உங்க ஸ்கிரீன்ல பில் நம்பர் போடாம அடுத்த பக்கம் போகவே விடமாட்டேங்குதே" என்றார். இருபது வருடமாக அந்த வாசலில் நிற்பவர். அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு நான் திட்டம் நடத்தும் முறையே மாறிவிட்டது. யாரைக் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம், கேட்டதற்கு என்ன பதில் சொல்கிறோம். என் அனுபவத்தில் இந்த மூன்றும் சரியாக இருந்தால் பாதித் தகராறு வருவதே இல்லை. அதைச் செய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி. ஸ்டேக்ஹோல்டர் என்பதைப் 'பங்குதாரர்' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. எனக்கு அது ஒத்துவருவதில்லை. பங்குதாரர் என்றதும் பணம் போட்டவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்த எழுத்தருக்கு நிறுவனத்தில் ஒரு பங்கும் கிடையாது. 1984இல் மேலாண்மைப் பேராசிரியர் எட்வர்டு ஃப்ரீமன் இந்தச் சொல்லுக்குத் தந்த விளக்கம் விரிவானது: ஒரு நிறுவனத்தின் இலக்கை யாரால் பாதிக்க முடியுமோ, அந்த இலக்கால் யார் பாதிக்கப்படுவார்களோ, எல்லோரும் இதில் சேர்த்தி. நாம் தினமும் சொல்லும் 'சம்பந்தப்பட்டவர்' என்ற சொல் இந்த இரண்டு பக்கத்தையும் தாங்கும். அதையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பெயர்ப் பட்டியல்

'கணக்குப் பிரிவு', 'பயனாளர்கள்' என்று எழுதினால் அது பட்டியல் ஆகாது. ஒரு பிரிவு ஒருபோதும் கோபப்படாது, அதற்குள் இருக்கும் ஆள்தான் கோபப்படுவார். ஆகவே பெயர் பெயராக எழுதுங்கள்.

யாரும் விட்டுப்போகாமல் இருக்க நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஒன்று, வேலை போகும் பாதையிலேயே நடந்து பார்ப்பது. ஒரு விண்ணப்பமோ ஒரு சரக்கோ எந்த வாசலில் நுழைகிறது, யார் கையில் போகிறது, எங்கே முடிகிறது என்று நேரில் பின்தொடருங்கள். எல்லா ஷிப்டிலும் பாருங்கள். அமைப்பு வரைபடத்தில் இல்லாத நான்கைந்து பேராவது அப்போது தென்படுவார்கள். இன்னொன்று, சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் கடைசிக் கேள்வியாக "இதைப் பற்றி நான் வேறு யாரைக் கேட்க வேண்டும்? யாரைக் கேட்காமல் விட்டால் பின்னால் சிக்கலாகும்?" என்று கேட்பது. புதுப் பெயர் எதுவும் வராத நிலை வந்தால் பட்டியல் ஓரளவு நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் விட்டுப்போகிறவர்கள் யார் தெரியுமா? திட்டம் முடிந்தபின் அதைப் பராமரிக்கப் போகிறவர்கள், ஒரு கையெழுத்தை நிறுத்தி வைத்தாலே வேலை நின்றுபோகும் சட்டப் பிரிவு, பாதுகாப்புப் பிரிவு, தொழிற்சங்கம், அப்புறம் அன்றாடம் அதைக் கையால் தொட்டு வேலை செய்கிறவர்கள்.

கடைசியாகச் சொன்னவர்களை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கதை போதும். அவசர அழைப்புக்கு எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்யும் வேலையை 1992 அக்டோபர் 26 அன்று கணினிக்கு மாற்றினார்கள். மறுநாளே சமாளிக்க முடியாமல் பாதி வேலையைக் கைமுறைக்குத் திருப்பினார்கள். நவம்பர் 4 அன்று அந்த அமைப்பு முழுவதுமாக நின்றது. மென்பொருளில் கோளாறு இருந்தது உண்மை. ஆனால் 1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை அதோடு நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கும் வண்டியில் போனவர்களுக்கும் அந்த அமைப்பின்மேல் நம்பிக்கையே இல்லை, பயிற்சியும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதையும் அது பதிவு செய்தது.

படி 2: யார் எங்கே நிற்கிறார்

பட்டியலில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேருக்கும் ஒரே நேரத்தைத் தர முடியாது. அதற்கு எல்லோரும் பயன்படுத்தும் கருவி, அதிகாரமும் அக்கறையும் கொண்ட நான்கு கட்டம். அதிகாரமும் அக்கறையும் மிகுந்தவரோடு நெருக்கமாக வேலை செய்யுங்கள். அதிகாரம் இருந்தும் அக்கறை குறைந்தவருக்குத் தேவையானதை மட்டும் சுருக்கமாகச் சொல்லி, மனக்குறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கறை இருந்தும் அதிகாரம் இல்லாதவருக்குத் தொடர்ந்து தகவல் தாருங்கள். இரண்டும் குறைந்தவரை அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

கருவி நல்லதுதான், ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கள் எழுத்தரை அதில் எங்கே வைத்திருப்போம்? அதிகாரம் இல்லாதவர்கள் கட்டத்தில்தான். தினசரி நிலவரக் கடிதத்தில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். 1997இல் மிட்செல், ஏகிள், வுட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதிகாரத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: கேட்பதில் இருக்கும் நியாயம், அதன் அவசரம். யாரிடம் இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது என்று பார்த்தால் படம் மாறும். எழுத்தரிடம் அதிகாரம் இல்லை, நியாயமும் அவசரமும் இருந்தன. அப்படிப்பட்டவருக்காகப் பேசுகிற, அதிகாரமுள்ள ஒருவரைக் கண்டுபிடித்துத் தருவது திட்ட மேலாளரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று: கட்டத்தில் வைத்த ஆள் வைத்த இடத்திலேயே இருக்கமாட்டார். வட கடலில் ஷெல் நிறுவனத்துக்கு பிரென்ட் ஸ்பார் என்ற எண்ணெய் சேமிப்பு மிதவை இருந்தது. வேலை முடிந்த அந்த மிதவையை ஆழ்கடலில் மூழ்கடிக்க பிரிட்டன் அரசின் அனுமதி கையில் இருந்தது. 1995 ஏப்ரல் 30 அன்று கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஜெர்மனியில் மக்கள் ஷெல் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். ஜூன் மாதம் ஷெல் அந்த முடிவையே கைவிட்டது. மிதவைக்குள் மிச்சமிருந்த எண்ணெயின் அளவைப் பற்றித் தாங்கள் சொன்னது தவறு என்று கிரீன்பீஸ் பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் முடிவு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஷெல் பல தரப்பினரோடும் உட்கார்ந்து பேசிய பிறகு, மிதவை வெட்டப்பட்டு நார்வேயில் ஒரு படகுத்துறையின் அடித்தளமானது. பெட்ரோல் போட வந்த வாடிக்கையாளரை 'அக்கறை குறைந்தவர்' கட்டத்தில் வைத்திருந்தால் அது ஏப்ரல்வரைக்கும்தான் சரி. மாதத்துக்கு ஒரு முறையாவது கட்டத்தைத் திருத்துங்கள்.

இந்தத் தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'இவர் முரண்டு பிடிப்பவர்', 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்றெல்லாம் பொதுக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். அது ஒரு நாள் அவர் கண்ணில் படும். 'மாத இறுதிப் பணி பாதிக்குமோ என்று கவலைப்படுகிறார்' என்பதுபோல, அவர் படித்தாலும் தலையாட்டும்படி எழுதுங்கள்.

படி 3: நேரில் போய்ப் பேசுதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். பத்துப் பேர் உட்கார்ந்த கூட்டத்தில் யாரும் உண்மைக் கவலையைச் சொல்வதில்லை. மேலதிகாரி முன்னால் "நல்ல திட்டம் சார்" என்பார்கள். முக்கியமானவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக, அவர் இடத்தில், அரை மணி நேரம் சந்தியுங்கள். விளக்கப்படங்களைக் கொண்டுபோகாதீர்கள். அவை இருந்தால் நீங்கள்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

நான் கேட்கும் கேள்விகள் இவை:

- இந்த வேலை இப்போது எப்படி நடக்கிறது? எனக்கு ஒரு முறை செய்து காட்ட முடியுமா?
- இது நன்றாக முடிந்தால் உங்களுக்கு என்ன சுலபமாகும்? எது கஷ்டமாகும்?
- இதுபோல முன்பு ஏதாவது முயன்றார்களா? என்ன ஆயிற்று?
- எந்த நாட்களில் உங்களைத் தொந்தரவு செய்யவே கூடாது?
- எதைப் பார்த்தால் 'இது சரிப்படாது' என்று முடிவு கட்டுவீர்கள்?

மூன்றாவது கேள்விதான் பல கதவுகளைத் திறக்கும். முந்தைய முயற்சியில் பட்ட காயம் ஆறாமல் இருப்பவர் உங்களை எதிர்ப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவர் எதிர்ப்பது பழையதை.

"வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே வாதாடத் தொடங்காதீர்கள். ஒருவர் கேட்பது வேறு, அதற்குப் பின்னால் இருக்கும் தேவை வேறு. இதை மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலட் 1925இல் ஒரு சின்ன உதாரணத்தால் விளக்கினார். நூலக அறை ஒன்றில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஃபாலட்டுக்கோ மூடியிருக்க வேண்டும். ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, வட காற்று தன்மேல் நேராகப் படாததால் ஃபாலட்டுக்கும் திருப்தி. பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்கும் பாதிக் குறைதான் மிஞ்சியிருக்கும்.

இதே மாதிரி எனக்கும் ஒன்று நேர்ந்தது. ஒரு கணக்குப் பிரிவுத் தலைவர் புது அமைப்பைத் தொடங்கும் தேதிக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. மூன்று கூட்டங்களில் "இன்னும் தயாராகவில்லை" என்பதோடு முடித்துக்கொண்டார். அவர் அறைக்குப் போய், "தேதியில் என்ன சிக்கல் சார்?" என்று மட்டும் கேட்டேன். மேசை நாட்காட்டியைத் திருப்பிக் காட்டினார். நாங்கள் குறித்திருந்தது மாதக் கணக்கு முடிக்கும் வாரம். அந்த வாரத்தில் அவர் ஆட்கள் நான்கு பேரும் இரவு பத்து மணிவரை இருப்பார்கள். அதே வாரத்தில் புதிதாகக் கற்கச் சொல்கிறோம். தேதியை எட்டு நாள் தள்ளினோம். பிறகு அவர்தான் எங்களுக்காக இயக்குநரிடம் பேசினார்.

பேசி முடித்த அன்றே, கேட்டதை நான்கு வரியில் எழுதி அவருக்கு அனுப்பி, "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று கேளுங்கள். திருத்தம் வந்தால் அது லாபம்தான்.

படி 4: இப்போது எங்கே, எங்கே வர வேண்டும்

திட்ட மேலாண்மைக்கான சர்வதேச அமைப்பான பிஎம்ஐயின் கையேட்டில் சம்பந்தப்பட்டவர்களைக் கையாள்வது 2013இல்தான் தனிப் பகுதியானது. அதுவரை தகவல் தொடர்புக்குள் அடங்கிக் கிடந்தது. அந்தக் கையேடு ஒருவரின் நிலையை ஐந்தாகப் பிரிக்கிறது: திட்டமே தெரியாதவர், எதிர்ப்பவர், நடுநிலையானவர், ஆதரிப்பவர், முன்னின்று நடத்துபவர். ஒவ்வொரு பெயருக்கும் நேராக இன்றைய நிலையையும் தேவையான நிலையையும் குறியுங்கள்.

எல்லோரையும் முன்னணிக்குக் கொண்டுவர முயலாதீர்கள், அது வீண் வேலை. எதிர்க்கும் சட்ட ஆலோசகர் நடுநிலைக்கு வந்தாலே பல நேரம் போதும். ஆனால் பணம் ஒதுக்கும் ஸ்பான்சர் வெறும் ஆதரவாளராக இருந்தால் அது ஆபத்து, அவர் முன்னின்றாக வேண்டும். எங்கே இடைவெளி பெரிதோ அங்கே உங்கள் நேரம் போகட்டும்.

படி 5: யார் முடிவு எடுப்பார்

பேச்சு நன்றாக நடந்தும் திட்டம் நகராமல் நிற்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம். ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் நான்கு பாத்திரங்களை எழுதுங்கள்: வேலையைச் செய்பவர், இறுதிப் பொறுப்பை ஏற்பவர், முன்கூட்டியே கருத்துச் சொல்ல வேண்டியவர், முடிவான பின் தகவல் பெற வேண்டியவர். இறுதிப் பொறுப்புக்கு ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் எழுதினால் யாரும் இல்லை என்றே அர்த்தம்.

கருத்துக் கேட்கப் போகும்போது, எந்த அளவுக்குக் கேட்கப்போகிறோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மக்கள் பங்கேற்பு பற்றி ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எட்டுப் படி கொண்ட ஏணி ஒன்றை வரைந்தார். கீழ்ப் படியில் பங்கேற்பு என்ற பெயரில் ஏமாற்று, நடுவில் தகவலும் கலந்தாலோசனையும், மேலே கூட்டுப் பொறுப்பும் முழு அதிகாரமும். முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்றால் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "இது முடிவாகிவிட்டது. இதை எப்படி உங்களுக்குச் சுமையில்லாமல் செய்வது என்பதில் உங்கள் உதவி வேண்டும்" என்று சொல்லுங்கள். மனிதர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள். நாடகத்துக்குக் கூப்பிட்டதைத்தான் மன்னிக்கமாட்டார்கள்.

படி 6: தகவல்

ஒரு குழுவில் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடிய வழிகள் ஆள் கூடக்கூட எவ்வளவு பெருகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேருக்கு 10, பத்துப் பேருக்கு 45, இருபது பேருக்கு 190. அதனால்தான் தகவல் வழிதவறிப் போகிறது, வதந்தி முந்திக்கொள்கிறது. யாருக்கு, எதை, எப்போது, எந்த வழியில், யார் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். இயக்குநருக்கு மாதம் ஒரு பக்கம் போதும். இரவு ஷிப்டுக்கு மின்னஞ்சல் பயன்படாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் நின்று சொல்ல வேண்டும்.

வாராந்திரக் குறிப்பு இப்படி இருந்தால் படிப்பார்கள்:

"இந்த வாரம்: சரக்கு வரவுப் பக்கம் முடிந்தது. தாமதம்: அச்சுப்பொறி வரவில்லை, பயிற்சி மூன்று நாள் தள்ளும். உங்களிடம் வேண்டியது: பயிற்சிக்கு வரும் இருவரின் பெயர், வியாழக்கிழமைக்குள்."

கெட்ட செய்தியைச் சேர்த்து வைக்காதீர்கள். தாமதம் உறுதியான அன்றே, காரணத்தோடும் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதோடும் முக்கியமானவர்களுக்கு நீங்களே போனில் சொல்லுங்கள். அவர்கள் அதை வேறொருவர் வாயால் கேட்கும் நிலை வரக் கூடாது.

படி 7: சொன்னது என்ன ஆயிற்று என்று திரும்பிச் சொல்லுதல்

பெரும்பாலான திட்டங்கள் இந்தப் படியைச் செய்வதே இல்லை. கேட்கிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்த முறை கேட்கப் போனால் அவர் வாய் திறக்கமாட்டார், அதில் தப்பும் இல்லை.

ஐந்து நெடுவரிசை கொண்ட ஒரு பதிவேடு போதும்: யார் சொன்னார், என்ன சொன்னார், என்ன முடிவு, ஏன், அவரிடம் எப்போது சொன்னோம். கடைசி நெடுவரிசை காலியாக இருந்தால் அந்த வேலை முடியவில்லை. 'முடியாது' என்ற பதிலையும் அப்படியே போய்ச் சொல்லுங்கள். "நீங்கள் கேட்ட தனி அறிக்கையை இந்தக் கட்டத்தில் செய்ய முடியவில்லை. அதற்கு மூன்று வாரம் ஆகும், அந்த நேரம் பயிற்சிக்குப் போகிறது" என்று காரணத்தோடு கேட்டவர், ஏற்காவிட்டாலும் உங்களை நம்புவார்.

கிடங்கில் நாங்கள் 'பில் பின்னர் வரும்' என்று ஒரு தேர்வைச் சேர்த்தோம். இரண்டு நாள் வேலைதான். அதை அந்த எழுத்தரிடம்தான் முதலில் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு லாரிச் சரக்கை ஏற்றிப் பார்த்துவிட்டு, "பில் வந்த பிறகு இதை யார் முடிச்சு வைக்கணும்? காலையில வர்றவருக்குத் தெரியணுமே" என்றார். அதையும் நாங்கள் யோசித்திருக்கவில்லை. காலை ஷிப்டுக்கு, பில் வராத சரக்குகளின் பட்டியல் ஒன்று திரையில் வந்தது அப்படித்தான்.

படி 8: மோதல் வரும்போது

சம்பந்தப்பட்ட இருவர் எதிரெதிரான இரண்டைக் கேட்பார்கள். விற்பனைப் பிரிவுக்கு வேகம் வேண்டும், தணிக்கைப் பிரிவுக்கு ஒவ்வொரு படியிலும் ஒப்புதல் வேண்டும். நடுவில் நின்று இருவருக்கும் "ஆகட்டும்" என்று சொல்லாதீர்கள். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒவ்வொரு வழியிலும் செலவு, காலம், ஆபத்து எவ்வளவு என்று ஒரே தாளில் காட்டுங்கள். தீரவில்லையென்றால் ஐந்தாம் படியில் எழுதிய அந்த ஒரு பெயரிடம் போங்கள். மேலே கொண்டுபோவதை இருவருக்கும் முன்னதாகச் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

சிலர் கடைசிவரை எதிர்ப்பார்கள். திட்டத்தால் உண்மையிலேயே இழப்பவர்களும் அதில் உண்டு. அவர்களிடம் "உங்களுக்கும் நன்மைதான்" என்று பேசுவது அவமானப்படுத்துவதுபோல. இழப்பு என்ன என்று ஒப்புக்கொண்டு, அதைக் குறைக்க எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பேசுங்கள்.

படி 9: தொடர்ந்து கவனித்தல்

எதிர்ப்பைவிட மௌனத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வழக்கமாகக் கேள்வி கேட்பவர் கேட்பதை நிறுத்திவிட்டார், கூட்டத்துக்குத் தான் வராமல் உதவியாளரை அனுப்புகிறார், பதில் தர ஒரு நாள் எடுத்தவர் இப்போது ஒரு வாரம் எடுக்கிறார். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே போய்ப் பாருங்கள்.

முக்கியமான ஒருவர் மாறிப்போனால் வருகிறவருக்குப் பழைய கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். முன்னவர் எதற்கு ஒப்புக்கொண்டார், ஏன் ஒப்புக்கொண்டார் என்பது கோப்பில் முழுசாக இருக்காது. மூன்றாம் படியிலிருந்து அவரோடு மறுபடி தொடங்க வேண்டும்.

அமைப்பு ஓடத் தொடங்கிய பிறகு முப்பதாவது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதிகாரம் குறைந்தவர்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமும் போங்கள். வேலை எப்படிப் போகிறது என்று விசாரிப்பதோடு, பக்கத்தில் நின்று ஒரு முறை செய்யவும் சொல்லிப் பாருங்கள். யார் மேசையிலாவது தனி நோட்டோ எக்செல் தாளோ ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பறிக்க வேண்டாம். அதில் என்ன எழுதுகிறார் என்று கேட்டுப் பதிவேட்டில் புது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.